'வயசுக் கோளாறு' என்னும் சலுகை

எம்.எஸ்சி. உளவியல் இரண்டாம் செமஸ்டரில் எங்களுக்கு 'வளரிளம் பருவ உளவியல்' என்றொரு தாள் இருந்தது. அதில் புதன்கிழமை மதியம் மட்டும் விவாத வகுப்பு. பேராசிரியர் ஒரு கோட்பாட்டைப் பலகையில் எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். மற்றதை மாணவர்கள்தான் பேச வேண்டும். முப்பத்தொரு பேர் கொண்ட வகுப்பில் நாங்கள் ஐந்து பேர் காலனியிலிருந்து வந்தவர்கள். ஐவர் வீட்டிலும் நாங்கள்தான் முதல் பட்டதாரி. அந்தப் புதன்கிழமைகளில் பேசியதை ஐவரும் சேர்ந்து எழுதுகிறோம். எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடமும் இதில் இருக்கிறது.

எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் இப்போது உளவியல், சமூகப்பணி, பி.எட். என்று சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். நாளைக்கு இவர்கள் பள்ளி ஆலோசகர்களாக, ஆசிரியர்களாக, நன்னடத்தை அலுவலர்களாகப் போவார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று எதிரே வந்து உட்காரும்போது அதன் கோப்பில் என்ன எழுதுவது என்பதை இந்தத் தாள்தான் கற்றுக்கொடுக்கிறது. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிற தாள் இல்லை இது.

புயல் யாருக்கு வந்தது?

முதல் விவாதம் ஸ்டான்லி ஹால் பற்றியது. அமெரிக்க உளவியலாளர். 1904-ல் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, இந்தத் துறையையே தொடங்கிவைத்தவர். இந்த வயது புயலும் கொந்தளிப்புமான வயது என்பது அவர் வாதம். பெற்றோரோடு சண்டை, மனநிலை மாற்றம், ஆபத்தைத் தேடிப் போவது மூன்றும் இந்தப் பருவத்தின் குணங்கள் என்று இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகின்றன.

"ஹார்மோன் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இதுல சாதி எங்கிருந்து வந்துச்சு?" என்று ஒரு நண்பர் கேட்டார். எங்களில் ஒருவர் எழுந்தார். அவருடைய அப்பா அம்மா ஒவ்வோர் ஆண்டும் தை மாதம் சூளைக்குப் போய் ஆடியில் திரும்புகிறவர்கள். "எனக்குப் புயல் வந்துச்சான்னு தெரியல. பன்னெண்டு வயசுல கல்லு திருப்பிப் போட்டேன். பதிமூணுல கல்லு அறுத்தேன். எங்கப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்க எங்களுக்கு ரூமும் கிடையாது, கதவும் கிடையாது" என்றார்.

சட்டத்தையும் அன்றைக்கே பேசினோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசல் திறந்துவைக்கப்பட்டது. சூளை எங்கள் குடும்பத் தொழில் இல்லை, முதலாளியுடையது. ஆனால் முன்பணம் குடும்பத்தின் தலைமீது இருக்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை கை சேருகிறதோ அத்தனை கல். கேட்டால் "புள்ள அப்பனுக்கு உதவுது" என்பார்கள்.

மார்கரெட் மீட் பெயரும் வந்தது. சமோவா தீவுப் பெண்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கொந்தளிப்பு எல்லாச் சமூகத்திலும் ஒன்றுபோல வருவதில்லை என்று 1928-ல் எழுதியவர். அவருடைய முடிவுகளை 1983-ல் டெரெக் ஃப்ரீமன் கடுமையாக மறுத்தார். சமோவாவில் யார் சொன்னது சரி என்பதில் வகுப்பின் பாதி நேரம் போனது. நாங்கள் சொன்னது ஒன்றுதான்: ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு தூரம் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு ரோடுதான் இருக்கிறது.

ஹாலின் புத்தகத்தில் இன்னொரு செய்தி உண்டு. கடைசி அத்தியாயம் 'வளரிளம் பருவ இனங்கள்' பற்றியது. வெள்ளையரல்லாத பல மக்களை இன்னும் வளராத பிள்ளைகளாகவே அவர் பார்த்தார். இது பாடப்புத்தகத்தில் வருவதில்லை. நாங்கள் எடுத்துச் சொன்னபோது பேராசிரியரே குறித்துக்கொண்டார். எங்களுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்களில் அறுபது வயதுத் தாத்தாவைப் பத்து வயதுப் பையன் "வாடா, போடா" என்று கூப்பிடுவான். தாத்தா "சொல்லுங்க சின்னய்யா" என்பார். பன்னிரண்டு வயதில் முழு ஆள் வேலை, அறுபது வயதில் 'டேய்'. பிள்ளையாக இருக்க வேண்டிய நேரத்தில் எங்களைப் பிள்ளையாக விடவில்லை. பெரிய மனிதரான பிறகும் பெரிய மனிதராக ஏற்கவில்லை. வயது என்பது பிறந்த தேதியில் மட்டும் இல்லை, அதை யார் ஒப்புக்கொள்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. இதை அந்த முதல் விவாதத்திலேயே பிடித்துக்கொண்டோம்.

தவணை கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும்

அடுத்து எரிக் எரிக்சன். 'நான் யார்?' என்ற கேள்வியே இந்தப் பருவத்தின் மையம் என்றவர். அந்தக் கேள்விக்குப் பதில் தேட, பெரியவர்களின் பொறுப்புகளைத் தள்ளிப்போட்டு, சமூகம் இளைஞருக்கு ஓர் இடைவெளி கொடுக்கிறது என்பார். அதற்கு அவர் வைத்த பெயர் மொரட்டோரியம். கொரோனா காலத்தில் வங்கிக் கடனுக்குத் தவணை தள்ளிவைத்தார்களே, அதே சொல்.

அந்த ஒப்புமையையே எடுத்துப் பேசினோம். தவணை தள்ளிவைப்பு வங்கியில் கணக்கு உள்ளவருக்குக் கிடைத்தது. கந்துக்காரரிடம் வாங்கியவருக்கு யார் தள்ளிவைத்தார்கள்? வாழ்க்கையும் அப்படித்தான். ஒரு வருடம் நீட் கோச்சிங், அடுத்த வருடம் வேறு படிப்பு, பிடிக்காமல் விட்டு மூன்றாவது வருடம் சினிமா என்று தேடுகிற பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள்மேல் எங்களுக்குப் பொறாமை கிடையாது. அந்தத் தேடல் நல்லது என்று எரிக்சனும் சொல்கிறார், நாங்களும் சொல்கிறோம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வருடம் வீணானால் அதற்குப் பெயர் தேடல் இல்லை. "படிக்க வச்சும் உருப்படலை" என்பதுதான் பெயர்.

இன்னும் ஆழமான சிக்கல் கேள்வியிலேயே இருக்கிறது. 'நான் யார்?' என்று பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் என்கிறது கோட்பாடு. எங்களிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது மற்றவர்கள். "நீ எந்தத் தெரு?" "உங்கப்பா பேரு என்ன? அவரு யாரு?" பதிலையும் அவர்களே வைத்திருந்தார்கள். பாமாவின் 'கருக்கு' (1992) இந்த அறிதலைப் பதினாறு வயதில் வைக்கவில்லை, மூன்றாம் வகுப்பில் வைக்கிறது. எங்கள் ஐவரின் கணக்கும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள்தான் முடிகிறது.

எரிக்சன் தன் கோட்பாட்டை விளக்கப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டவர். 1958-ல் மார்ட்டின் லூதர். 1969-ல் காந்தி, அதில் 1918-ன் அகமதாபாத் மில் தொழிலாளர் போராட்டம்தான் மையம். எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இந்தியாவுக்கு வந்தவரு, சாக்குத் துணியைச் சுருட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போன பையனோட வாழ்க்கையையும் எடுத்திருந்தா கோட்பாடு எப்படி மாறியிருக்கும்?"

அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். வகுப்பில் தனியே உட்காரத் தன் சாக்கைத் தானே கொண்டுபோய், மாலையில் தானே திரும்பக் கொண்டுவர வேண்டும். பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். 1901-ல் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகும்போது நல்ல உடுப்பு போட்டிருந்ததால், ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பிள்ளைகளைப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்துவிட்டார். மகார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிப்போகிறது. 'நான் யார்' என்பதற்கு அந்தப் பிளாட்பாரத்தில் இரண்டு பதில்கள் சில நிமிட இடைவெளியில் வந்தன. இரண்டையும் சொன்னது ஸ்டேஷன் மாஸ்டர். பிள்ளைகள் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

பேராசிரியர் அன்றைக்குக் கடைசி பெஞ்சிலிருந்து ஒன்றைச் சொன்னார். எரிக்சன் இதைப் பற்றி முழுக்க மௌனமாக இல்லை. 1968-ல் வந்த அவருடைய அடையாளம் குறித்த நூலில் இனம் பற்றித் தனி அத்தியாயம் உண்டு. ஒடுக்குகிறவர்கள் வைத்திருக்கும் இழிவான பிம்பத்தை ஒடுக்கப்பட்ட பிள்ளை தன்மேல் ஏற்றிக்கொள்ளும் அபாயத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார் என்றார். அது நியாயமான திருத்தம். தோழர்களுக்கும் சொல்கிறோம்: கோட்பாட்டாளரைத் தூக்கிப் போடுவதற்கு முன் முழுசாகப் படியுங்கள். நமக்குத் தேவையான ஆயுதம் அவர்களிடமே பாதி இருக்கும். பாடத்திட்டம் எந்த அத்தியாயத்தை விட்டுவிட்டது என்று பாருங்கள்.

கற்பனையில் இல்லாத கூட்டம்

1967-ல் டேவிட் எல்கைண்ட் சொன்னது 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்ற கருத்து. இந்த வயதுப் பிள்ளை, தன்னை எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளும். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே பார்ப்பதாக மருகும். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை.

வகுப்பில் எல்லோரும் சிரித்துக்கொண்டே தங்கள் கதைகளைச் சொன்னார்கள். ஹேர்கட் சரியில்லை என்று லீவு போட்டது, புது ஷூவை மூன்று நாள் ஒளித்துவைத்தது. எங்களில் ஒருவர் சொன்ன கதையும் அப்படியே தொடங்கியது. பிளஸ் ஒன் படிக்கும்போது மாமா வாங்கித் தந்த கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கிறார். டீக்கடை பெஞ்சில் நான்கு பேர். ஒருவர் கூப்பிட்டு, "என்னடா, வெயிலு உங்க தெருவுக்கு மட்டும் தனியா அடிக்குதா?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை சொல்லவில்லை. சாயந்தரம் அவர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது. "உனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்று அம்மா அழுதார். அம்மாவுக்குக் கண்ணாடியின் விலை கவலையில்லை, பெஞ்சில் இருந்த நான்கு பேர்தான் கவலை.

இங்கே பார்வையாளர்கள் கற்பனையா? யார் என்ன சட்டை, பைக்கில் என்ன எழுதியிருக்கிறது, செல்போனில் என்ன பாட்டு ரிங்டோன், எந்தத் தெரு வழியாகப் போகிறான் என்பதை எல்லாம் கணக்கு வைத்திருக்கிற கண்கள் நிஜமானவை. அந்தக் கண்களின் தீர்ப்பால் தமிழ்நாட்டில் வீடு எரிந்திருக்கிறது, உயிர் போயிருக்கிறது.

இதில் ஒரு தொழில் சம்பந்தப்பட்ட ஆபத்து இருக்கிறது. நாளைக்கு ஆலோசகர் அறைக்கு வந்து ஒரு பிள்ளை, "எல்லாரும் என்னையே பாக்குறாங்க மேடம்" என்று சொன்னால், பாடம் படித்த ஆலோசகர் 'வயதுக்குரிய அதீத சுயகவனம்' என்று எழுதிவிடுவார். தைரியமாக இரு, யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பிள்ளை, தான் கண்ணால் பார்த்ததையே சந்தேகப்படத் தொடங்கும். அதனால் அன்றைக்கு ஒரு கோரிக்கை வைத்தோம். அப்படி ஒரு பிள்ளை சொன்னால் முதல் கேள்வி "யாரு பாக்குறாங்க? எங்க வச்சு?" என்பதாக இருக்க வேண்டும். பதிலைக் கேட்ட பிறகு எல்கைண்ட் தேவையா என்று முடிவு செய்யலாம். வகுப்பில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டார்கள்.

"ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க"

செமஸ்டரின் நடுவில் நடந்த விவாதம்தான் எங்களுக்கு மிகவும் உதவியது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் நடத்திய பரிசோதனை அன்றைய பொருள். ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேர். பாதிப் பேர் ஆதிக்க சாதிகள், பாதிப் பேர் தலித்துகள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். அவிழ்க்கும் ஒவ்வொரு புதிருக்கும் காசு. சில குழுக்களில் யார் என்ன சாதி என்று சொல்லவில்லை. அங்கே இரு தரப்புச் சிறுவர்களுக்கும் திறனில் வேறுபாடு தெரியவில்லை. வேறு சில குழுக்களில் ஒவ்வொரு சிறுவனின் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து உறுதிசெய்துகொண்டார்கள். அவ்வளவுதான் செய்தது. தலித் சிறுவர்கள் அவிழ்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது.

இதைப் படித்ததும் எங்கள் ஐவருக்கும் ஒரே குரல் காதில் கேட்டது. "ஸ்காலர்ஷிப் பசங்க எந்திரிங்க." நடுவகுப்பில், கணக்குப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது, கையில் ஒரு லிஸ்ட்டோடு யாராவது வந்து அப்படிச் சொல்வார்கள். எந்திரித்து நிற்போம். பேங்க் பாஸ்புக் கொண்டுவராதவர் யார் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம். பிறகு உட்காரச் சொல்லிவிட்டுக் கணக்குப் பாடம் தொடரும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு போட்ட கணக்குகள் ஏன் தப்பாகப் போயின என்று இருபத்திரண்டு வயதில்தான் ஓர் ஆய்வுக் கட்டுரை எங்களுக்குச் சொன்னது.

எதிர்வாதம் உடனே வந்தது. ஒரு தோழி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், கேட்டார்: "சாதியைச் சொல்றதுதான் பாதிக்குதுன்னா கம்யூனிட்டி சர்டிஃபிகேட், இடஒதுக்கீடு எல்லாத்தையும் எடுத்துடலாமே? அதுவும் சாதியைச் சொல்றதுதானே?" இந்தக் கேள்வியை நீங்களும் சந்திப்பீர்கள் தோழர்களே. எங்கள் பதிலை எழுதிவைக்கிறோம்.

ஒன்று, அந்தச் சிறுவர்கள் தங்கள் சாதியைப் பரிசோதனைக்கூடத்தில்தான் புதிதாகத் தெரிந்துகொண்டார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்த சாதியை, மதிப்பிடும் இடத்தில் இருக்கிற ஒருவர், மதிப்பிடப் போகும் நேரத்தில், மற்றவர்கள் முன்னால் வாசித்ததுதான் வேலை செய்தது. பீரோவுக்குள் இருக்கிற சான்றிதழ் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. இரண்டு, சான்றிதழை எரித்துவிட்டால் டீக்கடை பெஞ்சுக்கு எங்கள் தெரு மறந்துபோகாது. மூன்று, சாதி வாசிக்கப்படாத அறையில் எங்கள் பிள்ளைகள் சமமாக அவிழ்த்தார்கள். தகுதி குறைவு என்பதால் இடஒதுக்கீடு என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தகுதி இருந்தது. அறைதான் அதை அமுக்கியது.

எங்கே அடி விழுகிறது என்பதைப் பிள்ளையின் மூளைக்குள் தேடாமல் அறைக்குள் தேடச் சொல்லித்தந்தது அந்த ஆய்வு. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியின் பொம்மைப் பரிசோதனைகளும் இதே வேலையைச் செய்தன. கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்ல பொம்மை என்று சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பணி, பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் சான்றாக ஏறியது. உளவியல் ஒரு நீதிமன்றத்தின் கையைப் பிடித்து எழுதவைத்த நாள் அது. நம் கையிலும் அது வரலாம்.

நாங்குநேரியும் எங்கள் சண்டையும்

கடைசி இரண்டு புதன்கிழமைகள் நாங்குநேரிக்குப் போயின. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையைப் பற்றி அவர் புகார் கொடுத்ததுதான் காரணம். வெட்டியவர்களாகக் கைதானவர்களும் பள்ளி மாணவர்கள். அந்த மாணவர் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதித் தேறினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒரு தரப்பு சொன்னது இது: பதினேழு வயது மூளையில் முடிவெடுக்கும் பகுதி இன்னும் முதிரவில்லை, நண்பர்கள் சேர்ந்தால் ஆபத்துக்குத் துணிகிற வயது, இது வயசுக் கோளாறு, கவுன்சிலிங்தான் தீர்வு.

மூளையைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. ஆனால் எங்களில் ஒருவர் தருமபுரிக்காரர். அவர் கேட்டார்: "2012-ல எங்க பக்கத்துல நத்தம் காலனியை எரிச்சாங்க. ஒரு பையனும் பொண்ணும் காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டதுக்காக. அப்போ யாராவது எங்க பையனைப் பாத்து 'வயசுக் கோளாறு, விடுங்க'ன்னு சொன்னாங்களா? 'நாடகக் காதல்'னாங்க. திட்டம் போட்டு ஏமாத்துறான்னாங்க. எங்க பையன் காதலிச்சா அது சதி. அவங்க பையன் வெட்டினா அது பருவம்."

வகுப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஐவருக்குள் சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி, பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குள் உள்ளவர் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும். அதற்கு உளவியலாளரின் உதவியைப் பெறலாம். அதாவது நாளை அந்த நாற்காலியில் எங்கள் வகுப்பிலிருந்தே யாராவது உட்காரலாம். என்ன சொல்ல வேண்டும்?

எங்களில் இருவர் சொன்னார்கள்: வீடு தேடிப் போய் வெட்டுகிறவனுக்குப் பிள்ளை என்ற பெயர் கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருந்தும் தண்டனை வராமல் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இதிலும் விட்டுக்கொடுத்தால் அடுத்த வீட்டுக்கும் அரிவாள் வரும்.

மற்ற இருவர் மறுத்தார்கள்: பிள்ளை என்ற பாதுகாப்பை ஒருமுறை பலவீனமாக்கினால் அதில் முதலில் விழப்போவது நம் பையன்கள். ஊரில் ஒரு பம்ப்செட் காணாமல் போனால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்கு வரும் என்று நமக்குத் தெரியாதா? நம் பிள்ளைகளைக் காக்கும் வேலியை நாமே பிடுங்கக் கூடாது.

ஐந்தாமவர் எங்கள் சூளைத் தோழர். அவர் ஜேம்ஸ் மார்சியாவை எடுத்து வைத்தார். 1966-ல் அடையாளத்தின் நான்கு நிலைகளைச் சொன்னவர் மார்சியா. அதில் ஒன்று, தேடாமலே, பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொள்வது. "கலர் கயிறு கட்டிக்கிட்டு வர்ற பையன் எதையும் தேடல. அப்பன், மாமன், சங்கம் எல்லாரும் சேந்து அவன் கையில கட்டிவிட்டதுதான் அது. பையனுக்கு நடத்துற விசாரணை பையனுக்கு நடக்கட்டும். கயித்தைக் கட்டிவிட்ட பெரிய ஆளுங்க எங்க? அவங்களுக்கு மூளை முதிர்ந்துதானே இருக்கு?"

அன்று நாங்கள் ஒரே முடிவுக்கு வந்தோம் என்று சொல்ல மாட்டோம். தண்டனையைப் பற்றி இன்றைக்கும் எங்களுக்குள் இரண்டு கருத்துகள்தான். ஆனால் ஒன்றில் ஐவரும் ஒன்று. இந்த வயதுக்கு உரிய பொறுமையை ஆதிக்க சாதிப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அதே பொறுமை எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்கிறோம். இடஒதுக்கீட்டைச் சலுகை, சலுகை என்று சொல்லிக் காட்டுகிறார்கள். உண்மையான சலுகை 'வயசுக் கோளாறு' என்ற சொல். அது யாருக்குக் கிடைக்கிறது என்று கணக்கெடுங்கள்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு ஆகியவற்றைத் தடுப்பது என்பவை செய்தியானதால் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இரண்டைச் சொல்கிறோம். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை பற்றி மாணவரைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசச் சிறுவர்களின் புதிர்த்தாளையும் எங்கள் கணக்கு நோட்டையும் அந்த இரண்டு வரிகளும் தொடுகின்றன. இவற்றுக்குப் பெரிய நிதி தேவையில்லை. உங்கள் பக்கத்துப் பள்ளியில் இன்றைக்கும் வகுப்பில் எழுப்பித்தான் கேட்கிறார்களா என்று போய் விசாரியுங்கள். கேட்டால், மனு எழுதுங்கள்.

கோப்பில் ஒரு வரி

செமஸ்டர் முடிவில் களப்பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குப் போனோம். மாணவரோடு பேசி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிரச்சினைக்கான காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: உடல்நலம், குடும்பம், படிப்பு, நண்பர்கள். ஒன்றில் டிக் போட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டைச் சாப்பிடாமல் இருந்தாள். காரணம் கேட்டால், அவள் தட்டை வைக்கும் இடத்தில் மற்றவர்கள் தட்டை வைப்பதில்லை. இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? உடல்நலமா, நண்பர்களா?

ஐந்தாவது கட்டம் வேண்டும் என்று துறைக்கு எழுதிக் கொடுத்தோம். 'சாதிப் பாகுபாடு' என்று வெளிப்படையாக. படிவம் பொதுவானது, மாற்ற முடியாது என்று முதலில் பதில் வந்தது. பேராசிரியர் எங்களுக்காகப் பேசினார். கடைசியில் 'பிற' என்று ஒரு கோடு போட்டு, அதில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கோட்டில் நாங்கள் முழுசாக எழுதினோம். கோப்பைப் படித்த தலைமையாசிரியர் சாப்பாட்டு வரிசையை வகுப்பு எண் வரிசைப்படி மாற்றினார் என்று பிறகு தெரிந்தது. படிவம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த பேட்ச் தோழர்கள் அந்தக் கோரிக்கையைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

உங்களில் யாராவது இந்தத் தாளைப் படிக்கப் போகிறீர்கள் என்றால், எல்லாக் கோட்பாட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். தேர்விலும் நன்றாக எழுதுங்கள். விவாதத்தில் பேசும்போது கோபத்தோடு ஒரு சான்றையும் கொண்டுபோங்கள். எந்தப் பிள்ளைகளைப் பார்த்து இந்தக் கோட்பாடு எழுதப்பட்டது, எந்தப் பிள்ளைகளைப் பார்க்காமல் எழுதப்பட்டது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வேலைக்குப் போய் உட்கார்ந்த பிறகு, எதிரே ஒரு பிள்ளை வாய் திறந்தால், கட்டத்தில் அடங்காததை 'பிற' என்ற கோட்டிலாவது எழுதிவையுங்கள். எழுதப்பட்டதை மறுப்பது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

ஜெய்பீம்.